நடக்க இயலாதவன் என்று நான் எழுதிய மனு

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் அன்று நீ மலைக்குப் போகிறாய். வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போகிற பேருந்தில், கடைசி நிறுத்தத்துக்கு முந்தைய நிறுத்தத்தில் இறங்கி, மேடேறினால் வருகிற நடுநிலைப் பள்ளியில் நீ கணக்கு ஆசிரியர். அதற்கான ஆணை உன் பைக்குள் இருக்கிறது. அந்த ஆணையை மாற்றச் சொல்லி நான் கொடுத்த மனு கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் இருக்கிறது. ஆணை உனக்குத் தெரியும், மனு தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நேரில் சொன்னால் என் பக்கத்து நியாயத்தைத்தான் முதலில் சொல்வேன், நடந்தது கடைசியில் வரும், அதற்குள் நீ எழுந்து போயிருப்பாய். எழுத்தில் அடித்துத் திருத்தலாம். இந்தக் கடிதம் முதலில் என் நியாயத்தோடுதான் தொடங்கியது. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

மருத்துவமனையில் உனக்கு உடற்பயிற்சி சிகிச்சை தரும் ஷகிலா, தன் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் படிக்க எதையாவது எழுதித் தரச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்கிறாள். நீ சம்மதித்தால் இதையே கொடுப்பேன். அதனால் உனக்குத் தெரிந்த சிலவற்றையும் விளக்கி எழுதியிருக்கிறேன். பொறுத்துக்கொண்டு படி. உன் பெயரை எங்கும் எழுதவில்லை.

கலந்தாய்வு நடந்த அன்று மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை என்பதால் உன்னை முன்னாலேயே கூப்பிட்டார்கள். நான் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தேன். காலிப் பணியிடங்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். கள்ளக்குறிச்சி நகரத்திலேயே இரண்டு இடங்கள் இருந்தன. அதில் ஒன்றிலிருந்து அரசு மருத்துவமனைக்கு நடந்தே போய்விடலாம். நான் மனதுக்குள் உனக்கு அங்கே வாடகைக்கு அறை பார்த்து, நைனார்பாளையத்திலிருந்து வாரம் இரண்டு முறை வந்து போவதாகவும் முடிவு செய்துவிட்டேன். கால் மணி நேரத்தில் நீ வெளியே வந்து மலை என்று சொன்னாய். கம்ப்யூட்டரில் மாற்றி அழுத்திவிட்டார்களா என்று கேட்டேன்.

"நான்தாம்மா கேட்டு வாங்குனேன்."

"டவுன்ல ரெண்டு எடம் காலியா கீதே. உன்னத்தான முதல்ல கூப்ட்டாங்க?"

"முதல்ல கூப்ட்டதாலதான் எனக்குப் புடிச்சத எடுக்க முடிஞ்சுது."

பேருந்தில் வீட்டுக்குத் திரும்பினோம். சின்னசேலத்தில் பேருந்து நின்றபோது நீ எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தாய். நான் அதைத் திறக்கவில்லை. உன் அப்பா சர்க்கரை ஆலையில் வேலை முடிந்து வந்ததும் அவரிடம் சொன்னேன். அவர் வழக்கம்போலச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அவனே பார்த்துக்குவான் என்றார். இருபத்தைந்து வருடமாக உன்னைப் பற்றிய எல்லா முடிவையும் என்னிடம் விட்டவர் அவர். அன்று மட்டும் ஏன் உன்னிடம் விட்டார் என்று எனக்குக் கோபம்.

அடுத்த திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள். நான் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் மனு கொடுத்தேன். என் வேலை உனக்குத் தெரியும். இ-சேவை மையத்தில் உட்கார்ந்து ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பவள் நான். முதியோர் உதவித்தொகைக்கு எந்தச் சொல் வேண்டும், பட்டாவுக்கு எந்தச் சொல் வேண்டும் என்று எனக்குத் தெரியும். "சிரமப்படுகிறார்" என்று எழுதினால் காகிதம் அந்த மேசையிலேயே கிடக்கும். "இயலாதவர்" என்று எழுதினால் நகரும். ஊருக்கு எழுதிய அதே கையால் உனக்கும் எழுதினேன். என் மகன் ஹீமோஃபீலியா நோயாளி, பிறர் துணையின்றி நடக்க இயலாதவர், மலைப்பகுதியில் பணிபுரிந்தால் உயிருக்கு ஆபத்து, எனவே நகரத்தில் பணியிடம் வழங்க வேண்டும். மூன்று வரி. அடித்து முடித்துப் படித்துப் பார்த்தபோது நல்ல மனுவாகத்தான் இருந்தது. ஒப்புகைச் சீட்டு கொடுத்தார்கள். அலைபேசிக்கு வரும் செய்தி உன் கண்ணில் படக்கூடாது என்று என் எண்ணைத்தான் கொடுத்திருந்தேன்.

அந்த மனுவில் பொய் எது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பொய் எனக்கு அவ்வளவு சுலபமாக வந்தது ஏன் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. அதை உண்மையாக்கியவளும் நான்தான்.

இந்த நோயில் ரத்தம் உறைவதற்கான ஒரு பொருள் உடம்பில் குறைவு. வெளியே வெட்டுப்பட்டால் எல்லோரும் பயப்படுவார்கள். அதைவிட உள்ளே மூட்டுக்குள் கசிவதுதான் ஆளை முடக்கும். பிள்ளைகளில் பையன்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், அம்மா வழியாக வரும். என் அண்ணனுக்கு, உன் மாமாவுக்கு, இருந்தது. அப்போது அதற்குப் பெயர் தெரியாது. முழங்கால் வீங்கினால் என் அம்மா பழைய புடவையை மடித்து அவனுடைய முழங்காலுக்கு அடியில் வைப்பாள். ரத்தம் நிறைந்த மூட்டை நீட்டினால் உயிர் போகும், மடக்கி வைத்தால் வலி குறையும். அதனால் அவன் தூங்குவான். உனக்கு ஒன்றரை வயதில் வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் நோயைக் கண்டுபிடித்துப் பெயரைச் சொன்னபோது, அடுத்து என்ன செய்வது என்று எனக்குத் தெரியும் என்றே நினைத்தேன். பார்த்து வளர்ந்தவள் அல்லவா. புடவைக்குப் பதிலாகத் தலையணை வைத்தேன். நோயும் தலையணையும் எனக்கு ஒரே வீட்டிலிருந்து வந்தன.

எட்டு வயதிலிருந்து உன் இடது முழங்காலில்தான் திரும்பத் திரும்பக் கசிந்தது. ஒவ்வொரு முறையும் மருத்துவமனையில், உடம்பில் குறைகிற அந்தப் பொருளையே மருந்தாக ஏற்றும் ஃபேக்டர் ஊசி போட்டுக் கூட்டிவருவேன். வந்ததும் தலையணை. வீக்கம் போன பிறகும் தலையணை, மறுபடி வந்துவிடுமோ என்று. விளையாட்டுப் பாடவேளையில் உன்னை வகுப்பறையிலேயே உட்காரவைக்கச் சொல்லித் தலைமை ஆசிரியருக்குக் கடிதம் கொடுத்தேன். எழுத்து வேலையில் என் முதல் வெற்றி அதுதான். பள்ளிக்கு ஸ்கூட்டியில் கொண்டுபோய்ப் படி ஏற்றி பெஞ்சில் விட்டு வருவேன். நீ விழக்கூடாது என்பது ஒன்றே என் கணக்கு. விழாமல் பார்த்துக்கொண்ட ஐந்து வருடத்தில் உன் இடது தொடை வலது தொடையில் பாதியாக இளைத்துவிட்டது. மூட்டைத் தாங்குவது அந்தச் சதைதான், அது இளைத்தால் சும்மா நடப்பதே மூட்டுக்கு அடி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியும் நான் கேட்காமல் இருந்திருக்கலாம். உன் பதின்மூன்றாவது வயதில் உன் கால் நேராக நீளவில்லை. நீ நிற்பதே பாதி உட்கார்ந்தது போல இருக்கும். அப்போது நான் அந்த மனுவை எழுதியிருந்தால் அதில் பொய் இருந்திருக்காது.

ஷகிலா அந்த வருடம்தான் வேலைக்கு வந்திருந்தாள். கல்லூரி முடித்த சூடு ஆறாத பெண். உன்னைப் படுக்கவைத்த கையோடு, வீட்டிலிருந்து எடுத்துப் போயிருந்த தலையணையை நான் உன் முழங்காலுக்கு அடியில் தள்ளினேன். அவள் அதை உருவி எடுத்து என் மடியில் வைத்தாள்.

"இத எத்தினி நாளாக்கா வெச்சிக்கினு கீறீங்க?"

"வலி வரும்போதெல்லாம்தாம்மா. இத வெச்சாத்தான் தூங்கறான்."

"தூங்குவான். காலும் கூட சேந்து தூங்கிடுச்சி, பாருங்க."

நான் அவளை வெறுத்தேன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், பிள்ளை பெறாதவள். அன்று அவள் கோணமானியை உன் முழங்காலில் வைத்து அளந்து, நேராக வருவதற்கு முப்பது டிகிரி பாக்கி என்று நோட்டில் எழுதினாள். ஊசி போட்ட பிறகு உன்னைக் குப்புறப் படுக்கவைத்து, முழங்காலுக்குக் கீழே காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டாள். காலின் எடையே காலை நீட்ட வேண்டும், யாரும் பிடித்து அழுத்தக்கூடாது என்றாள். நீ பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தாய். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

பிறகு வந்த நாட்கள் உனக்கு நன்றாக நினைவிருக்கும். சுருட்டிய துண்டை முழங்காலுக்குப் பின்னால் வைத்துக் கீழ்நோக்கி அழுத்துவது. காலை நீட்டியபடி ஒரு சாண் தூக்கிப் பிடித்து இறக்குவது. கணுக்காலைச் சுழற்றுவது. சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பது. மூன்று மாதம் கழித்துத்தான் எடை கட்டச் சொன்னாள். கடையில் விற்கிற மணல் பட்டைக்குப் பதிலாக நான் அரைக் கிலோ உப்புப் பாக்கெட்டைத் துணிப்பையில் போட்டுத் தைத்துக் கணுக்காலில் கட்டினேன். தண்ணீரில் நடந்தால் மூட்டுக்கு எடை தெரியாது, சதை மட்டும் வேலை செய்யும் என்று அவள் சொன்னபோது, நம் ஊரில் நீச்சல் குளத்துக்கு எங்கே போவது என்று கேட்டேன். உங்கள் ஊரில் பம்புசெட் தொட்டியே இல்லையா என்று திருப்பிக் கேட்டாள். உன் பெரியப்பாவின் கரும்புக் கொல்லையில் நெஞ்சளவுத் தொட்டி இருந்தது. மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து உன்னைக் கூட்டிப் போவேன். பாசி வழுக்கக்கூடாது என்று முதல் நாள் நானே இறங்கித் தேங்காய் நாரால் தரையைத் தேய்த்தேன். நீ அந்த நான்கு சுவருக்குள் இப்படியும் அப்படியும் நடப்பாய். பெரியப்பா வரப்பில் நின்று சிரிப்பார். "கரும்புக்குத் தண்ணி பாயுதோ இல்லியோ, உன் முட்டிக்கு நல்லாப் பாயுது தம்பி" என்பார். நீ தண்ணீருக்குள் நொண்டவில்லை என்பதை முதலில் கவனித்தவரும் அவர்தான். நான் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், காலைப் பார்க்கவில்லை.

பாக்கி முப்பது டிகிரியிலிருந்து பதினெட்டுக்கு வந்தது. இதுவரை எழுதியது நான் யாரிடமும் சொல்லக்கூடிய தப்பு. அறியாமல் செய்தது என்று சொல்லிவிடலாம். அடுத்தது அப்படி இல்லை.

அந்த அக்டோபரில், ஜெபமாலை மாதத்தில், உன் பயிற்சியை நான் ஜெபமாலையோடு சேர்த்தேன். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு தூக்கு. அந்த மணிக்குரிய மங்கள வார்த்தை ஜெபத்தைச் சொல்லி முடிக்கும்வரை காலை மேலேயே பிடித்திருக்க வேண்டும். பத்து மணிகள் முடிந்ததும் கொஞ்சம் ஓய்வு, பிறகு அடுத்த பத்து, மொத்தம் ஐம்பது. எண்ணிக்கை தவறாது, நேரமும் சரியாக இருக்கும், ஜெபமும் ஆகும் என்று எனக்குப் பெருமை. ஷகிலாவிடம் சொன்னபோது அவள்கூடச் சிரித்து, எங்கள் வீட்டிலும் ஓதுகிற மணிமாலை இருக்கிறது, அதையும் முயன்று பார்க்கலாம் என்றாள். நான் அவளிடம் சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. முப்பத்தொரு நாளும் ஒரு நாள்கூட விடாமல் செய்வதாக மாதாவுக்கு நேர்ந்திருந்தேன். விடாமல் செய்தால் உன் கால் முழுசாக நீளும். அது எனக்கும் மாதாவுக்கும் இடையில் இருந்த ஏற்பாடு. தூக்க வேண்டிய கால் மட்டும் உன்னுடையது.

இருபத்து மூன்றாம் நாள் சாயங்காலம், முதல் பத்தில் நான்காவது மணியில் நீ காலை இறக்கினாய்.

"அம்மா, உள்ள எறும்பு ஊர்ற மாரி கீது."

அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியும். வீக்கம் வருவதற்கு முன்னால், வலி வருவதற்கும் முன்னால், உள்ளே இருப்பவனுக்கு மட்டும் தெரியும் அறிகுறி அது. வந்தால் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு ஊசிக்கு வர வேண்டும், கசிவு நின்று நாலைந்து நாள் கழித்துத்தான் மெதுவாக மறுபடி தொடங்க வேண்டும் என்று ஷகிலா இரண்டு முறை சொல்லியிருந்தாள். அவள் சொன்னது என் நினைவுக்கு வரவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. வந்தது. கூடவே இன்னும் எட்டு நாள்தான் பாக்கி என்பதும் வந்தது.

"மெதுவா பண்ணு சாமி. மாதாவுக்குச் சொல்லிக்கீறேன்."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு செய்தாய். ஐம்பதையும் செய்தாய். மறுநாள் காலை உன் முழங்கால் தோல் மினுமினுக்கிற அளவுக்கு வீங்கி, தொட்டால் சுட்டது. மாதா அதைக் கேட்கவில்லை. நான் அவள் பெயரில் கேட்டேன், அவ்வளவுதான். பதினெட்டிலிருந்து மறுபடி இருபத்தாறுக்குப் போனோம். திரும்பி வர ஐந்து மாதம் ஆயிற்று.

ஷகிலா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லி ஆறியிருப்பேன். அவள் என்னைத் தாண்டி உன்னிடம் கேட்டாள்.

"உனுக்கு முன்னாடியே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"அப்ப நிறுத்த வேண்டிதானடா?"

 நீ என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான்தான் செய்யச் சொன்னேன் என்று நானே சொன்னேன். அவள் என் கையிலிருந்த பயிற்சி நோட்டை வாங்கி உன்னிடம் கொடுத்தாள். "இனிமே நீ எழுது. சதை வலிச்சா எழுது, மூட்டு சூடானா எழுது. ரெண்டும் வேற வேற, உனுக்குத்தான் தெரியும். அக்கா, நீங்க கொஞ்சம் வெளிய குந்துங்க" என்றாள். அன்றைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தவள்தான். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாது. நீ கல்லூரிக்குப் போனாய், ஊசியை நீயே போட்டுக்கொள்ளக் கற்றுக்கொண்டாய், வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி செய்தாய். தலையணை வைத்தபோது நிறுத்தியே வைத்தேன், ஜெபமாலை வைத்தபோது நிறுத்தவே விடவில்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பதை வெளியே இருந்து பார்க்க முடியாது என்று பெஞ்சில் உட்கார்ந்து புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டேன் என்றுதான் போன மாதம்வரை நம்பினேன்.

மனு கொடுத்த மூன்றாம் நாள் மருத்துவச் சான்று ஏதாவது இருந்தால் சேர்க்கச் சொல்லிச் செய்தி வந்தது. நான் ஷகிலாவிடம் போனேன். நடக்க இயலாது என்று இரண்டு வரி எழுதிக் கொடு என்றேன். அவள் மனுவின் நகலை வாங்கிப் படித்தாள். திரும்பவும் படித்தாள். பிறகு உன் பன்னிரண்டு வருட அளவுகளை எடுத்து மேசையில் வைத்தாள். கடைசி வரியில் பாக்கி ஆறு டிகிரி என்று இருந்தது. தொடைகளின் சுற்றளவில் இடதுக்கும் வலதுக்கும் ஒரு விரல் அகலம்கூட வித்தியாசம் இல்லை.

"இதுல எதக்கா எழுதட்டும்?" என்று கேட்டாள்.

நான் மலையைப் பற்றிச் சொன்னேன். மேடு, வழுக்கல், மருத்துவமனைக்கு இரண்டு மணி நேரம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்: "ரெண்டு மாசமா இங்க மாடிப்படியில ஏறி எறங்கிக்கினு கீறான். ஏர்றது அவனுக்கு ஈசி. எறங்கறதுதான் முட்டிக்கு ஜாஸ்தி வேலை. மலையில எறங்கணுமேன்னு அதுக்கின்னே தனியா பழகறான். உங்களுக்குத் தெரியாதாக்கா?"

எனக்குத் தெரியாது. நீ கலந்தாய்வுக்கு முன்பே இரண்டு முறை மலைக்குப் போய்வந்ததும் அவள் சொல்லித்தான் தெரியும். முதல் முறை வெறும் கையோடு அந்த மேட்டில் ஏறி இறங்கியிருக்கிறாய். மறுநாள் காலை முழங்காலைத் தொட்டுப் பார்த்து, சூடு இல்லை என்று எழுதியிருக்கிறாய். இரண்டாம் முறை முதுகில் ஐந்து கிலோ பையோடு. கீழே இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரைப் பார்த்து, உன் மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைக்கக் கேட்டு ஒப்புதல் வாங்கியிருக்கிறாய். அந்த இரண்டு நாளும் நீ சின்னசேலத்தில் நண்பன் வீட்டில் இருந்ததாக நான் நினைத்திருந்தேன். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், என்னிடம் சொல்லாமல் செய்துவிட்டாயே என்று. நான் உன்னிடம் சொல்லாமல் செய்தது அந்த நேரம் ஷகிலாவின் மேசை மேல் விரிந்து கிடந்தது.

திரும்பும் வழியில் மாமா கடையில் இறங்கினேன். கைக்கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு காலும் மடங்கியபடியே, பழக்கப்பட்ட அந்த உயரம் குறைந்த முக்காலியில். மனு கொடுத்ததைச் சொன்னேன். அவன் கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியை எடுக்காமலே பேசினான். "அவன் இங்கியே குந்திக்கினா எனக்கு ஜோடி கெடைக்கும். எனக்கு ஜோடி வேணாம்மா. அந்தப் பேப்பர வாங்கிக்கினு வந்துடு." எங்கள் அம்மா மடித்து வைத்த புடவையைப் பற்றி அவன் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

போன திங்கட்கிழமை மனுவைத் திரும்பக் கேட்டுப் போனேன். அது கல்வி அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தது. அங்கே போனேன். அந்தப் பிரிவின் எழுத்தருக்கு என்னைத் தெரியும், என் மையத்திலிருந்து போகும் காகிதங்களை வருடக்கணக்காகப் பார்ப்பவர். போன வாரம் மலை வேண்டாம் என்றீர்கள், இந்த வாரம் வேண்டும் என்கிறீர்கள், அடுத்த வாரம் என்ன என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பிறகு மனுவை எடுத்துப் படித்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"இன்னாங்க மேடம் இப்டி எழுதி வெச்சிக்கீறீங்க. நடக்கவே முடியாதவர எப்படி வேலைக்கு எடுத்தாங்கன்னு மேல கேப்பாங்க. மெடிக்கல் போர்டுக்கு எழுதுனா ஜாயினிங்கே நின்னு பூடும்."

"நான்தான குடுத்தேன். நான்தான் வேணாங்கறேன். கிழிச்சிடுங்க."

"நம்பர் போட்டதுங்க. நீங்க அம்மாதான், இல்லேங்கல. ஆனா வேலை அவருதுங்களே. அவரு கைப்பட எழுதித் தரட்டும், அத வெச்சி இத முடிச்சிடறேன். ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள."

நான் உனக்கு நகரத்தில் இடம் வாங்கப் போய், உன் வேலையையே கேள்விக்குள்ளாக்கிவிட்டு வந்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக இதைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு கேட்கிறேன். மன்னிப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் தாள் வைத்திருக்கிறேன். அதில் நீ எழுது. வழக்கமாக இந்த மாதிரித் தாளை நான்தான் எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்பேன். இதில் எதுவும் எழுதவில்லை, புள்ளியும் வைக்கவில்லை. உன் கால் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று உனக்குத் தெரிந்தபடி எழுது. ஆறு டிகிரி பாக்கி இருப்பதையும் எழுது. ஷகிலா அளவுத்தாளைத் தயாராக வைத்திருக்கிறாள், அதையும் சேர்த்துக்கொள். "இயலாதவர்" என்று எழுதியது யார் என்று கேட்டால் என் அம்மா, அது உண்மையில்லை என்று சொல். என்னைக் காப்பாற்றிப் பேசாதே. பதின்மூன்று வயதில் ஒரு முறை அதைச் செய்தாய், அது போதும். கூப்பிட்டால் நான் வந்து அதையே சொல்வேன்.

ஒருவேளை இதையெல்லாம் படித்த பிறகு, மலை வேண்டாம், நகரமே போதும் என்று உனக்குத் தோன்றினால் அதையும் நீயே எழுது. அந்த வார்த்தையும் உன் கையெழுத்தில் இருக்கட்டும். தாளில் என்ன எழுதினாய் என்று எனக்குக் காட்ட வேண்டாம். அலுவலகத்துக்கு நீயே கொண்டுபோய்க் கொடு. நான் கூட வரமாட்டேன்.

நீ போவாய் என்றே நினைக்கிறேன். மழைக்காலத்தில் எந்தச் செருப்பு, எந்தப் பக்கம் கைத்தடி, பயிற்சி எடையை எப்போது குறைப்பது என்றெல்லாம் எழுதத் தொடங்கி நிறுத்திவிட்டேன். நீ என்னைவிட நன்றாக யோசித்திருப்பாய். ஒன்று மட்டும் எழுதுகிறேன். எவ்வளவு பயிற்சி செய்தாலும் ஒரு நாள் அங்கே உனக்கு அடிபடும், அல்லது அடிபடாமலே வீங்கும். இந்த நோயில் அது இல்லாமல் இருக்காது. அன்றைக்கு முதலில் ஊசி போட்டுக்கொள். பிறகு ஐஸ் வை. பிறகு தலைமை ஆசிரியருக்குச் சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படு. கசிவு நின்றுவிட்டது என்று உனக்குத் தெரிந்த பிறகு எனக்கு ஃபோன் செய். நான் கடைசி ஆளாக இருக்கலாம். கேட்டவுடன் நான் பேருந்து நிலையத்துக்கு ஓடப் பார்ப்பேன். "வராதம்மா" என்று நீ ஒரு தடவை சொன்னால் போதும், வாசலிலேயே நின்றுவிடுவேன். முதல் தடவை நிற்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது. அப்போது இன்னொரு தடவை சொல்.

அம்மா